நடக்கச் சொன்னால் மட்டும் போதுமா?

மாணவர்களே, இரண்டு பேரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இருவருக்கும் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை அகற்றியாயிற்று. அதன் பிறகு பல மாதங்கள் கீமோதெரபி மருந்தும் ஏற்றியாயிற்று. “சிகிச்சை முடிந்தது. இனி குறித்த நாள்களில் சோதனைக்கு வந்தால் போதும்” என்று மருத்துவர் இருவரையும் வீட்டுக்கு அனுப்புகிறார். இருவர் கையிலும் ஒரே கையேடு. சத்தான உணவு சாப்பிடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

ஒருவருக்கு அதோடு சரி. மற்றவருக்கு மட்டும் கையேட்டுடன் ஒரு மனிதரும் கிடைக்கிறார். உடற்பயிற்சியில் தேர்ச்சி பெற்றவர். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை இவரைச் சந்தித்து, எத்தனை நாள் நடந்தீர்கள், எவ்வளவு நேரம் நடந்தீர்கள், எது தடையாக இருந்தது, அடுத்த இரண்டு வாரங்களுக்கு என்ன திட்டம் என்று கேட்பது அவர் வேலை. இது ஒரு மாதமோ இரண்டு மாதமோ அல்ல, மூன்று ஆண்டுகள் தொடர்கிறது.

எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், இந்த இருவரில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம்? வாய்ப்பு வேறுபடுமானால் எவ்வளவு வேறுபடும்?

இந்தக் கேள்விக்கான பதில் 2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில், உலகெங்கிலுமிருந்து வந்த புற்றுநோய் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் வெளியிடப்பட்டது. அதே நாளில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழிலும் அது வெளிவந்தது. ஆய்வின் பெயர் ‘சேலஞ்ச்’. சவால் என்று பொருள். நடத்தியவர்களுக்கு அது உண்மையிலேயே சவாலாகத்தான் இருந்தது.

எங்கே தொடங்குகிறது இந்த நோய்?

நாம் உண்ணும் உணவு சிறுகுடலில் செரித்த பிறகு, மிச்சம் பெருங்குடலுக்கு வருகிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இந்தக் குழாய், நீரை உறிஞ்சிக்கொண்டு கழிவை வெளியே தள்ளுகிறது. அதன் கடைசிப் பகுதிதான் மலக்குடல். இரண்டின் உட்சுவரிலும் உள்ள உயிரணுக்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. சில நாள்களிலேயே பழையவை உதிர்ந்து புதியவை உருவாகின்றன. புதிய உயிரணு ஒவ்வொன்றும் உருவாகும்போது மரபணுத் தகவல் முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. நகலெடுப்பதில் எப்போதாவது பிழை நேரும். பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடும். திருத்தப்படாத சில பிழைகள் ஒரே உயிரணுவில் சேர்ந்துவிட்டால், நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் அது பெருகத் தொடங்கும்.

முதலில் குடல் சுவரில் சிறு மொட்டுபோல ஒரு வளர்ச்சி தோன்றும். அதைப் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலான பாலிப்கள் ஆபத்தில்லாதவை. சில மட்டும், பல ஆண்டுகளில், பொதுவாகப் பத்து ஆண்டு அளவில், புற்றுநோயாக மாறும். இவ்வளவு மெதுவாக வளர்வதால்தான் இந்த நோயை முன்கூட்டியே பிடிக்க முடிகிறது. இருந்தும், உலகில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இது மூன்றாம் இடத்திலும், உயிரைப் பறிப்பதில் இரண்டாம் இடத்திலும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய். உங்கள் உறவினர் வட்டத்தில், அல்லது அடுத்த வீட்டில், இந்த நோயைச் சந்தித்த ஒருவர் இருக்கக்கூடும்.

நோய் குடல் சுவரைத் தாண்டி அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால் அதை மூன்றாம் கட்டம் என்பார்கள். கட்டியை வெட்டி எடுத்த பிறகும், ஸ்கேன் படத்தில் தெரியாத அளவுக்குச் சிறிய புற்றணுக்கள் எங்காவது ஒளிந்திருக்கலாம். அவற்றைக் கொல்லத்தான் கீமோதெரபி. அதற்கும் தப்பிய அணுக்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துக் கல்லீரலிலோ நுரையீரலிலோ தலைகாட்டுவது உண்டு. ஆகவே சிகிச்சை முடிந்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகள் காத்திருப்பாகவே கழிகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் முந்திய இரவு தூக்கம் வராது. “நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, டாக்டர்?” என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

பேருந்து நடத்துநரும் கால்சட்டை அளவும்

உடற்பயிற்சிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பது புதிய எண்ணம் அல்ல. 2006ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மேயர்ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 832 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு அதிகம் நடமாடியவர்களுக்கு, நோய் திரும்புவதோ மரணமோ நேரும் ஆபத்து, நடமாடாதவர்களைவிட ஏறக்குறைய பாதியாக இருந்தது.

அப்படியானால் விஷயம் முடிந்ததே, எல்லாரையும் நடக்கச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நன்றாக நடந்தவர்கள், நடந்ததால் பிழைத்தார்களா? அல்லது ஏற்கெனவே உடல்நிலை நன்றாக இருந்ததால் நடக்க முடிந்ததா? உடலுக்குள் நோய் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பவருக்குச் சோர்வு வரும். வெளியே தெரியாமலே அவர் நடையைக் குறைத்துவிடுவார். பிறகு நோய் வெளிப்படும்போது, ‘நடக்காததால் நோய் வந்தது’ என்று கணக்கு சொல்லும். உண்மையில் நோய் வந்ததால்தான் அவர் நடக்கவில்லை. காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அங்கே ஓடிய இரண்டு மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று மோரிஸ் கண்டார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. ஆனால் மோரிஸ் அதோடு திருப்தி அடையவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, அவரும் சகாக்களும் போக்குவரத்து நிறுவனம் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். இளம் ஓட்டுநர்களுக்குக்கூட, அதே வயது நடத்துநர்களைவிடக் கால்சட்டையின் இடுப்பளவு பெரிதாக இருந்தது! அதாவது, இரு தரப்பினரும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறு உடல்வாகு கொண்டவர்கள். வேலையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. தன்னுடைய நல்ல கண்டுபிடிப்பையே சந்தேகித்து, தையல்காரரின் கணக்குவரை தேடிப் போன அந்த மனப்பான்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சந்தேகம் தீர ஒரே வழி குலுக்கல்தான். யார் நடக்க வேண்டும் என்பதை நோயாளியும் முடிவு செய்யக்கூடாது, மருத்துவரும் முடிவு செய்யக்கூடாது. பூவா தலையா போடுவதுபோலத் தற்செயலாக இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். அப்போது பருமனானவர், மெலிந்தவர், சோர்ந்தவர், துடிப்பானவர், பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். பிறகு தெரியும் வேறுபாட்டுக்குக் காரணம், நாம் கொடுத்த அந்த ஒன்றுதான் என்று துணிந்து சொல்லலாம். பள்ளி அறிவியல் கூடத்தில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று படிக்கிறீர்களே, அதுதான்.

889 பேர், 15 ஆண்டுகள்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுமுள்ள ஆய்வாளர்கள் இந்தக் குலுக்கலுக்குத் துணிந்தார்கள். கனடாவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவர் கிறிஸ்டஃபர் பூத், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியர் கெர்ரி கோர்னேயா ஆகியோர் இதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர்கள். அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த, மூன்றாம் கட்டத்திலோ ஆபத்து மிகுந்த இரண்டாம் கட்டத்திலோ இருந்த பெருங்குடல் புற்றுநோயாளிகளைச் சேர்த்தார்கள்.

சேர்ப்பு 2009ஆம் ஆண்டில் தொடங்கி 2024ஆம் ஆண்டில் முடிந்தது. 55 மருத்துவ நிலையங்களிலிருந்து சேர்ந்தவர்கள் மொத்தம் 889 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிலையத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒருவர்தான்! உயர்நிலை மூன்றிலோ படிவம் மூன்றிலோ படிக்கும் உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஆய்வு, நீங்கள் இடைநிலைக் கல்விக்கு வந்த பிறகுதான் விடை சொன்னது. புதிய மாத்திரை என்றால் அதை விற்கப்போகும் நிறுவனம் செலவு செய்யும். நடையை யாரும் பெட்டியில் அடைத்து விற்க முடியாதே! கனடாப் புற்றுநோய்ச் சங்கம் போன்ற அறநிறுவனங்களும் அரசாங்க ஆய்வு நிதிகளும்தான் கைகொடுத்தன.

குலுக்கலில் 445 பேர் பயிற்சித் திட்டத்துக்கும், 444 பேர் கையேட்டுக் குழுவுக்கும் போனார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? கையேடு இரு குழுவினருக்கும் உண்டு. ‘உடற்பயிற்சி நல்லது’ என்ற செய்தி 889 பேருக்கும் எட்டியிருக்கிறது. ஆகவே இங்கே ஒப்பிட்டது, பயிற்சியை அறிந்தவர்களையும் அறியாதவர்களையும் அல்ல. அறிவுரை மட்டும் பெற்றவர்களையும், அறிவுரையோடு துணையும் பெற்றவர்களையும்தான். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே. செய்தித்தாள் தலைப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போனதும் இதுவே.

எவ்வளவு நடந்தார்கள்?

உடலுழைப்பை அளக்க அறிவியலாளர்கள் ‘மெட்’ என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். விறுவிறுப்பாக நடந்தால் அதைப்போல நான்கு மடங்கு, அதாவது சுமார் 4 மெட். நண்பர்களோடு பூப்பந்து விளையாடினால் ஐந்தரை. மெதுவோட்டம் சுமார் 7. இந்த எண்ணை நேரத்தால் பெருக்கினால் ‘மெட்-மணி’ கிடைக்கும்.

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வைத்த இலக்கு, ஏற்கெனவே செய்துவந்ததற்கு மேல் வாரத்துக்குக் குறைந்தது 10 மெட்-மணி கூடுதலாகச் செய்வது. விறுவிறு நடையில் அது எவ்வளவு? பத்தை நான்கால் வகுத்தால் இரண்டரை மணி நேரம். 45 நிமிடம் வீதம் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் நடந்தால் எட்டிவிடலாம். மெதுவோட்டம் ஓடினால் அரை மணி நேரம் வீதம் மூன்று நாள் ஏறக்குறையப் போதும். ஆறு மாதத்துக்குள் இந்த இலக்கை அடைந்து, பிறகு அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எந்தப் பயிற்சி என்பது அவரவர் விருப்பம். பெரும்பாலோருக்கு நடையே கைகொடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உபகரணம் வேண்டாம், உறுப்பினர் கட்டணம் வேண்டாம்.

முதல் ஆறு மாதம் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை ஆலோசகரை நேரில் சந்திப்பார்கள். சந்திப்பின்போதே அவர் கண்காணிப்பில் பயிற்சியும் நடக்கும். அடுத்த ஆறு மாதமும் அதே இடைவெளிதான், ஆனால் நேரில் வர முடியாதவர்கள் தொலைவிலிருந்தே பேசலாம். கடைசி இரண்டு ஆண்டுகள் மாதம் ஒரு முறை. இலக்கு வைப்பது, திட்டமிடுவது, செய்ததைக் குறித்து வைப்பது, தடையை எப்படித் தாண்டுவது என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு. மழை வந்தால் என்ன செய்வது, முழங்கால் வலித்தால் என்ன செய்வது, மனம் சோர்ந்து கிடக்கும் நாளில் என்ன செய்வது. கையேட்டால் இப்படிக் கேட்க முடியாது, நோயாளி சொல்லும் பதிலையும் கேட்க முடியாது.

முடிவு என்ன?

ஐந்தாண்டு முடிவில், நோய் திரும்பாமலும் புதிய புற்றுநோய் வராமலும் உயிரோடிருந்தவர்கள், பயிற்சித் திட்டக் குழுவில் 80.3 விழுக்காடு. கையேட்டுக் குழுவில் 73.9 விழுக்காடு. எட்டாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முறையே 90.3 விழுக்காடும் 83.2 விழுக்காடும். ஆய்வுக் காலத்தில் இறந்தவர்கள் கையேட்டுக் குழுவில் 66 பேர், பயிற்சிக் குழுவில் 41 பேர்.

இந்த எண்களைப் படிப்பதிலும் ஒரு பயிற்சி வேண்டும். சில ஊடகங்கள் ‘மரண ஆபத்து 37 விழுக்காடு குறைவு’ என்று எழுதின. அது தவறல்ல. ஆனால் 100 பேரில் 37 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது ஒரு குழுவின் ஆபத்தை இன்னொரு குழுவின் ஆபத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் விகிதம். தலைக் கணக்காகப் பார்த்தால், எட்டாண்டு முடிவில் 100 பேருக்கு 7 பேர் கூடுதலாக உயிரோடிருந்தார்கள். 14 பேர் திட்டத்தில் சேர்ந்தால் ஓர் உயிர் மிஞ்சும். ஏழு என்பது சிறிய எண்ணாகத் தெரிகிறதா? கீமோதெரபியில் ஒரு புதிய மருந்து இந்த அளவு பலன் தந்தால் மருத்துவ உலகம் கொண்டாடும். அந்த மருந்தின் விலையும் பக்க விளைவுகளும் வேறு கதை.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. பயிற்சிக் குழுவில் சேர்ந்த எல்லாரும் மூன்று ஆண்டும் விடாமல் நடந்தார்களா என்றால், இல்லை. போகப் போகச் சந்திப்புகளுக்கு வராதவர்கள் கூடினார்கள். கையேட்டுக் குழுவிலும் தாமாகவே நடையைக் கூட்டியவர்கள் உண்டு. அப்படியிருந்தும் ஆய்வாளர்கள் யாரையும் இடம் மாற்றவில்லை, யாரையும் விட்டுவிடவும் இல்லை. குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தார்களோ அந்தக் குழுவிலேயே கணக்கிட்டார்கள். ஒழுங்காக நடந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால், பழைய சிக்கல் பின்வாசல் வழியாக மறுபடி நுழைந்திருக்கும். உடல்நிலை நன்றாக இருப்பவர்தானே ஒழுங்காக நடப்பார்? ஆகவே மேலே சொன்ன எண்கள், எல்லா மனிதர்களையும்போலச் சோம்பலும் தடையும் உள்ளவர்களின் எண்கள்.

உடல் எடை குறைந்ததால் வந்த பலனா இது? அதுவும் இல்லை. இரு குழுக்களுக்கும் இடையே எடையிலும் இடுப்பளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, உடல் எவ்வளவு உயிர்வாயுவைப் பயன்படுத்துகிறது என்ற அளவுகளில்தான் பயிற்சிக் குழு முந்தியது. எடை பார்க்கும் கருவி அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

உள்ளே என்ன நடக்கிறது?

நடப்பது கால்கள். நோய் இருப்பது குடலில். இரண்டையும் இணைப்பது இரத்தம்.

தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அதனால் இன்சுலின் குறைவாகவே தேவைப்படுகிறது. இன்சுலினும் அதையொத்த வளர்ச்சிப் பொருள்களும் மிகுதியாக ஓடும் இரத்தம், உயிரணுக்களைப் பெருகத் தூண்டும். இது ஒரு விளக்கம். நீண்டநாள் இருக்கும் மெல்லிய அழற்சியைப் பயிற்சி தணிக்கிறது என்பது இன்னொரு விளக்கம்.

மூன்றாவது விளக்கம் எலிகளிடமிருந்து வந்தது. 2016ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் பெர்னிலே ஹொய்மன் தலைமையிலான குழு, புற்றுநோய்க் கட்டியுள்ள எலிகளின் கூண்டில் சுழல் சக்கரம் வைத்தது. விருப்பம்போல அதில் ஓடிய எலிகளின் கட்டிகள், ஓடாத எலிகளின் கட்டிகளைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் சிறியவையாக இருந்தன. ஓடும்போது சுரக்கும் அட்ரினலின், ‘இயற்கைக் கொல்லணுக்கள்’ எனப்படும் எதிர்ப்பு அணுக்களை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. தசையிலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் அவற்றைக் கட்டியை நோக்கிச் செலுத்துகிறது. அட்ரினலின் வேலை செய்யாதபடி தடுத்துவிட்டு ஓடவிட்டபோது பலன் மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டிகள் தோல், நுரையீரல், கல்லீரல் வகையைச் சேர்ந்தவை, பெருங்குடல் வகை அல்ல. மேலும், எலி மனிதன் அல்ல. ‘சேலஞ்ச்’ ஆய்வில் பங்கேற்றவர்களைக் காத்தது இந்த மூன்றில் எது, அல்லது மூன்றும் சேர்ந்தா என்பது இன்னும் தீராத கேள்வி. அவர்களிடமிருந்து சேகரித்து வைத்த இரத்த மாதிரிகள் அதற்கு ஒருநாள் விடை சொல்லலாம்.

நோய் வராதவர்களுக்கு?

சிலர் பிறவியிலேயே ஆபத்தோடு வருகிறார்கள். மரபணு நகலில் விழும் பிழைகளைத் திருத்தும் பொறுப்புள்ள மரபணுக்களில் ஒன்று பழுதாகிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நிலைக்கு ‘லிஞ்ச்’ நோய்க்குறி என்று பெயர். ஹென்றி லிஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஏறக்குறைய 280 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். திருத்துபவர் இல்லாத அச்சகம்போல, இவர்களுடைய குடலில் பிழைகள் வேகமாகச் சேரும். இளம் வயதிலேயே கொலோனோஸ்கோப்பி பரிசோதனை தொடங்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையம், லிஞ்ச் நோய்க்குறி உள்ள 21 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் ஓராண்டு காலம் வாரத்துக்கு மூன்று முறை, 45 நிமிட மிதிவண்டி வகுப்புகளில் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டுக்குப் பின் குடல் சுவரிலிருந்து எடுத்த மாதிரிகளில், அழற்சியைத் தூண்டும் ஒரு பொருள் குறைந்திருந்தது. கொல்லணுக்கள் உள்ளிட்ட எதிர்ப்பு அணுக்கள் கூடியிருந்தன. காவல் பலமானது தெரிந்தது. திருட்டு குறைந்ததா என்று சொல்ல 21 பேர் போதாது, ஓராண்டும் போதாது.

மரபுவழி ஆபத்து இல்லாத மற்றவர்களைப் பற்றி, பல நாடுகளில் திரட்டிய தகவல்களை ஆராய்ந்த உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், உடலுழைப்பு பெருங்குடல் புற்றுநோயைக் குறைக்கிறது என்பதற்கான சான்று உறுதியானது என்கிறது. மலக்குடல் புற்றுநோய்க்கு அத்தகைய சான்று இல்லை. இரண்டும் ஒரே குழாயின் இரு பகுதிகள். ஆனால் ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்கு அப்படியே சொல்லிவிட முடிவதில்லை. ‘சேலஞ்ச்’ ஆய்விலும் மலக்குடல் புற்றுநோயாளிகள் சேர்க்கப்படவில்லை.

வீட்டில் ஒருவர் இருந்தால்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் “நடந்தால் போதுமாம், கீமோ வேண்டாமாம்” என்று வீட்டில் சொல்லிவிடக் கூடாது. அந்த 889 பேரும் அறுவை சிகிச்சையையும் கீமோதெரபியையும் முழுமையாக முடித்தவர்கள். நடை அதற்கு மேல் சேர்ந்த ஒன்று. அதற்கு மாற்று அல்ல. தவிர, அவர்கள் நடக்கும் அளவுக்கு உடல்நிலை உள்ளவர்களா என்று முதலில் சோதித்துத்தான் சேர்த்தார்கள். பயிற்சிக்கும் ஒரு விலை உண்டு. தசை, மூட்டுத் தொல்லைகள் பயிற்சிக் குழுவில் 18.5 விழுக்காட்டினருக்கும் கையேட்டுக் குழுவில் 11.5 விழுக்காட்டினருக்கும் வந்தன. கீமோதெரபி மருந்துகளில் சில, கால் விரல்களை மரத்துப்போகச் செய்யும். அப்படிப்பட்டவர் மேடு பள்ளமான பாதையில் நடந்தால் விழ வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் மருத்துவரையோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரையோ கேட்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 50 வயதைத் தாண்டியவர்கள், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மாதிரியை வீட்டிலேயே எடுத்துவிடலாம். கூச்சத்தால் பல பெரியவர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். எவ்வளவு நடந்தாலும், ஏற்கெனவே வளர்ந்திருக்கும் பாலிப் நடப்பதால் கழன்று விழாது. அதைப் பார்த்து எடுக்கத்தான் வேண்டும்.

ஆய்வு வெளிவந்துவிட்டது என்பதற்காக, மூன்றாண்டு உடன்வரும் ஆலோசகர் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக்குப் பணம் ஒதுக்கப் பழகிய அமைப்புகள், இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை நோயாளியோடு பேசும் ஒரு மனிதருக்குப் பணம் ஒதுக்க இனிமேல்தான் பழக வேண்டும். அதுவரை அந்த வேலையில் ஒரு சிறு பங்கைக் குடும்பமே செய்யலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

உங்கள் தாத்தாவோ அத்தையோ சிகிச்சை முடித்து வீட்டிலிருக்கிறார், மருத்துவரும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை மங்கிய பிறகோ கிளம்புங்கள். முதல் வாரம் புளோக்கைச் சுற்றிப் பத்து நிமிடம் போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். நடந்த நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். விட்டுப்போன நாளுக்குக் கோபிக்காமல் காரணம் கேளுங்கள். வேகம் போதுமா என்று அறியக் கைக்கடிகாரக் கருவியெல்லாம் வேண்டாம். நடந்துகொண்டே அவரைப் பேசச் சொல்லுங்கள். பேச வர வேண்டும். அப்படியே அவருக்குப் பிடித்த பழைய பாட்டொன்றைப் பாடச் சொல்லுங்கள். பாட வந்துவிட்டால் வேகம் போதாது. இன்னும் கொஞ்சம் எட்டி நடக்கலாம்.